கம்பம் பள்ளத்தாக்கின் இளவேனில் தொடக்க உணவுகள்

கம்பம் பள்ளத்தாக்கின் இளவேனில் தொடக்க உணவுகள் என்பவை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் மாசி மாதப் பிற்பகுதி முதல் சித்திரை மாத முற்பகுதி வரை விளைந்து, அக்காலத்திலேயே புதிதாக உண்ணப்படும் காய்கள், கனிகள், பூக்கள், பானங்கள் மற்றும் அவற்றைக் கொண்டு ஆக்கப்படும் உணவுகள் ஆகும். மாவடு, வேப்பம்பூ, முருங்கைக்காய், புதுப்புளி, கொடுக்காப்புளி, நுங்கு, பதநீர், வெள்ளரிப்பிஞ்சு, தர்பூசணி, பன்னீர் திராட்சை, பலாப்பிஞ்சு, இரண்டாம் போகத்துப் புதுநெல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் சில சில வாரங்கள் மட்டுமே கிடைப்பவை. எனவே அப்பருவத்திலேயே உண்பதும், எஞ்சியவற்றை உப்பிட்டும் உலர்த்தியும் ஆண்டு முழுவதற்கும் சேமித்து வைப்பதும் இப்பகுதி மக்களின் வழக்கமாக இருந்து வருகின்றன.

பருவம்: சொல்லும் பொருளும்

தமிழ் இலக்கண மரபு ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கின்றது. இப்பகுப்பின்படி மாசி, பங்குனி ஆகிய மாதங்கள் பின்பனிக் காலமும், சித்திரை, வைகாசி ஆகியன இளவேனிற் காலமும் ஆகும். ஐரோப்பிய நாட்காட்டியை ஒட்டி மார்ச் மாதத்தில் தொடங்குவதாகக் கொள்ளப்படும் வசந்தத்தின் தொடக்கம், தமிழ்க் கணக்கில் பின்பனியின் இறுதியும் இளவேனிலின் தொடக்கமும் சந்திக்கும் இடத்தில் அமைகின்றது.

குளிர்நாடுகளில் வசந்தம் என்பது பனி உருகிப் பயிர் முளைக்கும் காலமாகும். தமிழ்நாட்டில் நிலைமை வேறானது. வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த பயிர் இக்காலத்தில் அறுவடைக்கு வருகின்றது. புன்செய் நிலம் காயத் தொடங்குகின்றது. ஆயினும் வேம்பு, புளி, மா, பனை, முருங்கை போன்ற ஆழ வேரூன்றிய மரங்கள் இக்காலத்திலேயே தளிர்த்தோ பூத்தோ காய்த்தோ பயன் தருகின்றன. இதனால் இப்பகுதியின் இளவேனில் உணவுகளுள் பெரும்பாலானவை வயலிலிருந்து அன்றி மரத்திலிருந்து கிடைப்பவையாக உள்ளன.

புவியியற் பின்னணி

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிளைகளுக்கும் இடையே அமைந்துள்ளது. 1996-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் இப்பள்ளத்தாக்கு அடங்கும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியன இங்குள்ள முக்கிய ஊர்கள். மார்க்கையன்கோட்டை உத்தமபாளையம் வட்டத்தில், சின்னமனூருக்கும் குச்சனூருக்கும் அருகில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும்.

மலையின் மழைமறைவுப் பகுதியில் இருந்தும் இப்பள்ளத்தாக்கு பசுமையாக இருப்பதற்கு முல்லைப் பெரியாறு அணையே காரணம். பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கி 1895-இல் முடிக்கப்பட்ட இவ்வணை, மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. இந்நீரைக் கொண்டு பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் பாசனம் பெறுகின்றது. வாய்க்கால் பாயும் தாழ்நிலத்தில் நெல், வாழை, தென்னை ஆகியனவும், மேட்டு நிலத்தில் திராட்சை, காய்கறிகள் ஆகியனவும், மானாவாரி நிலங்களிலும் சாலையோரங்களிலும் புளி, வேம்பு ஆகியனவும் காணப்படுகின்றன. ஒரே ஊரைச் சுற்றி இம்மூன்று வகை நிலங்களும் இருப்பதால் இளவேனில் தொடக்கத்தில் கிடைக்கும் உணவு வகைகள் மிகுதி.

மாத வரிசை

மாசி: இலந்தைப்பழத்தின் இறுதிக் காலம், பச்சை மொச்சை மற்றும் துவரையின் கடைசி வரவு, புளி உலுக்குதல், மாம்பிஞ்சு, கொடுக்காப்புளி, தர்பூசணியின் தொடக்கம்.

பங்குனி: மாவடு, வேப்பம்பூ, முருங்கைக்காய், பலாப்பிஞ்சு, வெள்ளரிப்பிஞ்சு, பதநீர், நுங்கின் தொடக்கம், இரண்டாம் போக நெல் அறுவடை.

சித்திரை: முற்றிய மாங்காய், முதல் மாம்பழங்கள், நுங்கு, பலாப்பழம், வற்றல் மற்றும் வடகம் இடுதல்.

இவ்வரிசை மழையையும் வெயிலையும் பொறுத்துச் சில வாரங்கள் முன்பின்னாக அமைவதுண்டு.

முக்கிய உணவுப் பொருட்கள்

மாவடு

மாமரம் மார்கழி முதல் மாசி வரை பூக்கின்றது. பூவிலிருந்து தோன்றும் பிஞ்சுகளுள் மிகச் சிலவே முற்றிக் காயாகின்றன. ஏனையவை காற்றிலும் வெயிலிலும் உதிர்ந்து விடும். இவ்வாறு உதிர்பவற்றையும், இதற்கெனவே காம்புடன் பறிக்கப்படும் சிறு வடுக்களையும் உப்பிலிடுவது வழக்கம்.

வடுவைக் கழுவி ஈரம் போக உலர்த்தி, முதலில் சிறிது விளக்கெண்ணெய் தடவுவர். பின்னர் கல்லுப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கடுகுத்தூள் ஆகியவற்றுடன் கலந்து சாடியில் இடுவர். உப்பு வடுவிலுள்ள நீரை வெளியே இழுப்பதால் சில நாட்களில் வடு சுருங்கித் தன் நீரிலேயே மூழ்கும். நாள்தோறும் சாடியைக் குலுக்கி விடுவது, மேலே உள்ள வடுக்களும் உப்புநீரில் நனைவதற்காகவே ஆகும். மேலே மிதந்து நிற்கும் வடுவில் பூஞ்சணம் பிடிக்கும். நன்கு ஊறிய மாவடு பழைய சோற்றுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் தொடுகறியாகும்.

வேப்பம்பூ

வேம்பு இலையுதிர்த்துத் தளிர்த்த பின் பங்குனி, சித்திரை மாதங்களில் பூக்கின்றது. பூக்கள் விடியற்காலையில் மிகுதியாக உதிர்வதால், மரத்தடியைப் பெருக்கித் துணி விரித்து அவற்றைச் சேகரிப்பர். தூசும் காம்பும் நீக்கி வெயிலில் உலர்த்திய பூ ஓராண்டு வரை கெடாது.

சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவுடன் மாங்காய், வெல்லம், புளி, மிளகாய், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பச்சடி செய்யப்படுகின்றது. கசப்பு, புளிப்பு, இனிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு ஆகிய ஆறு சுவைகளும் ஒரே உணவில் அமைவது, வரும் ஆண்டின் இன்ப துன்பங்களை ஒருசேர ஏற்பதைக் குறிக்கும் என்பர். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாளுக்கு மாற்றப்பட்டு, 2011-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இவ்விடைக்காலத்திலும் வேப்பம்பூவும் மாங்காயும் தையில் கிடைக்காமையால் பச்சடி சித்திரைக்குரிய உணவாகவே நீடித்தது. நெய்யில் வறுத்த பூவைக் கொண்டு வேப்பம்பூ ரசமும் ஆக்கப்படுகின்றது. வேப்பம்பூ பித்தத்தைத் தணிக்கும் எனச் சித்த மருத்துவம் கருதுகின்றது.

புளி

புளியம்பழம் மாசி, பங்குனி மாதங்களில் முதிர்கின்றது. ஓடு பழுப்பேறி உள்ளிருக்கும் சதையிலிருந்து விலகியதும் மரமேறிக் கிளைகளை உலுக்கிப் பழங்கள் உதிர்க்கப்படுகின்றன. அதற்கு முந்தைய செங்காய்ப் பருவத்தில் புளிப்பும் இனிப்பும் கலந்திருக்கும். சிறுவர்கள் பெரிதும் விரும்புவது இப்பருவத்துக் காயையே ஆகும்.

உதிர்த்த பழத்தை வெயிலில் காயவைத்து, ஓடு தட்டி, நரம்பு நீக்கி, கொட்டை எடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலையாக உள்ளது. பங்குனி வெயிலில் வீட்டுத் திண்ணையிலும் மரநிழலிலும் அமர்ந்து செய்யும் இவ்வேலை பல குடும்பங்களுக்கு வயல்வேலை குறைந்த காலத்து வருவாய் ஆகும். கொட்டை நீக்கிய புளியை உப்புத் தூவி அடுக்கடுக்காக மண்பானையில் அமுக்கி வைத்தால் ஆண்டு முழுவதும் பயன்படும். புதுப்புளி வெளிர் நிறமாகவும் கடும் புளிப்பாகவும் இருக்கும். நாட்பட நாட்படக் கறுக்கும். பெரியகுளம் அருகிலுள்ள எண்டப்புளிப் பகுதியின் உள்ளூர் வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே.எம்.-1 என்னும் புளி வகை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடாகும்.

முருங்கை

முருங்கை ஆண்டின் பல மாதங்களில் காய்த்தாலும், பங்குனி முதல் ஆனி வரை உள்ள பருவமே முதன்மையானது. மாசியில் பூக்கும் பூவும் துவட்டி உண்ணப்படுகின்றது. விதை மூலம் பயிரிடப்படும் செடிமுருங்கை வகையான பி.கே.எம்.-1, 1989-இல் பெரியகுளத்திலிருந்து வெளியிடப்பட்டது. நட்ட சுமார் ஆறு மாதங்களில் காய்க்கும் இவ்வகை இந்தியாவின் பிற மாநிலங்களிலும் பரவியுள்ளது. பருவத்தில் காய் மிகுந்து விலை சரிவதும், மழைக்காலத்தில் காய் அரிதாகி விலை பன்மடங்கு ஏறுவதும் முருங்கைச் சந்தையில் வழக்கமாகக் காணப்படுகின்றன.

கொடுக்காப்புளியும் இலந்தையும்

கொடுக்காப்புளி நடு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரம். சுருண்ட காய்களுக்குள் உள்ள வெண்மை அல்லது இளஞ்சிவப்புச் சதை இனிப்பும் துவர்ப்பும் கலந்தது. வேலியோரங்களில் வளரும் இம்மரத்தின் காயை நீண்ட தொரட்டியால் பறிப்பர். இலந்தைப்பழம் மார்கழி முதல் மாசி வரை கிடைக்கின்றது. பருவ இறுதியில் எஞ்சும் பழங்களை மிளகாய், புளி, உப்பு, வெல்லம் ஆகியவற்றுடன் இடித்துத் தட்டி உலர்த்தி இலந்தைவடை செய்யப்படுகின்றது. இவ்விரண்டும் பள்ளிக்கூட வாசல்களில் கூறு கட்டி விற்கப்படும் பண்டங்களாகும்.

பதநீரும் நுங்கும்

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரமாக உள்ளது. பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கப்படும் இனிய சாறு பதநீர் ஆகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படுவதால் சாறு புளிக்காமல் இருக்கும். சுண்ணாம்பு இல்லையேல் அதுவே கள்ளாகி விடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. பதநீர் இறக்குதலுக்கு அத்தடை இல்லை. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கப்படுகின்றது.

பெண்பனையின் இளங்காயே நுங்கு ஆகும். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண்கள் இருக்கும். சதை இறுகுவதற்கு முன், கண்ணுக்குள் நீர் தேங்கியிருக்கும் நாட்களே உண்பதற்கு ஏற்றவை. சில நாட்கள் பிந்தினாலும் சதை கெட்டியாகி உண்ண இயலாததாகும். கம்பம் பள்ளத்தாக்கில் பனை குறைவாதலால், தென்மாவட்டங்களில் இருந்தும் நுங்கு கொண்டுவரப்பட்டுச் சாலையோரங்களில் விற்கப்படுகின்றது.

பன்னீர் திராட்சை

மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை தமிழ்நாட்டில் பன்னீர் திராட்சை எனப்படுகின்றது. பன்னீரை ஒத்த மணத்தால் இப்பெயர் ஏற்பட்டது. இந்தியாவின் பிற பகுதிகளில் திராட்சைக்குக் குறிப்பிட்ட அறுவடைக் காலம் இருக்க, கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்யும் நாளை மாற்றி அமைத்து ஆண்டின் எல்லாக் காலத்திலும் பழம் பெறப்படுகின்றது. எனினும் வறண்ட வானிலை நிலவும் மாசி, பங்குனி மாதங்களில் நோய்த்தாக்குதல் குறைந்து பழம் நன்கு இனிக்கின்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையன்பட்டியில் உள்ளது. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பலா

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் விளையும் பலா, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகள் வழியாகப் பள்ளத்தாக்குச் சந்தைகளுக்கு வருகின்றது. பங்குனியில் பலாப்பிஞ்சு கூட்டாகவும் பொரியலாகவும் ஆக்கப்படுகின்றது. சித்திரை முதல் பழமும், அதன் பின் கொட்டையும் உணவாகின்றன. பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் மாங்காயும் சேர்ந்த குழம்பு இப்பருவத்தில் மட்டுமே மூன்றும் புதிதாகக் கிடைக்கும் நிலையில் ஆக்கப்படுவதாகும்.

புதுநெல்

இருபோக நிலங்களில் இரண்டாம் போக நெல் பங்குனியை ஒட்டி அறுவடையாகின்றது. மார்க்கையன்கோட்டை, சின்னமனூர், உத்தமபாளையம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள வயல்கள் இக்காலத்தில் களமாக மாறுகின்றன. புதிய அரிசி விரைவில் குழைந்து ஒட்டும் இயல்புடையது. எனவே அது பொங்கலுக்கும் கஞ்சிக்கும் ஏற்றதாகக் கொள்ளப்பட, அன்றாடச் சோற்றுக்குச் சில மாதங்கள் இருப்பில் வைத்த அரிசியே விரும்பப்படுகின்றது. வெயில் ஏறும் இக்காலத்தில் பழைய சோறும் நீராகாரமும் காலை உணவில் முதன்மை பெறுகின்றன.

திருவிழாக்களும் உணவும்

மாசி மாத மகா சிவராத்திரியன்று தேனி, மதுரைப் பகுதிகளில் குலதெய்வக் கோயில்களுக்குச் செல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. வெளியூர்களில் குடியேறியோரும் அன்று சொந்த ஊருக்குத் திரும்புவர். பொங்கல், மாவிளக்கு, அவித்த பயறு வகைகள், பருவக் கனிகள் ஆகியன படைத்துப் பகிரப்படுகின்றன. பங்குனி உத்திரத்தன்று முருகன் கோயில்களுக்கு நடந்து செல்வோருக்கு நீர்மோரும் பானகமும் வழங்கப்படுகின்றன. பானகம் என்பது வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் சேர்த்த நீராகும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா நடைபெறுகின்றது. தேனி மாவட்டத்தின் பெருந்திருவிழாக்களுள் ஒன்றான இதன்போது தர்பூசணி, நுங்கு, வெள்ளரி ஆகியவற்றின் விற்பனை பெருகும்.

சேமிப்பு முறைகள்

பங்குனி, சித்திரை வெயில் உணவைச் சேமிக்கும் கருவியாகவும் பயன்படுகின்றது. கொத்தவரை, கத்தரி, சுண்டை, மாங்காய் ஆகியவற்றை உப்பிட்டு அல்லது மோரில் ஊறவைத்து உலர்த்தி வற்றல் ஆக்குவர். அரிசிக்கூழைத் துணியில் ஊற்றியோ பிழிந்தோ கூழ்வடகம் இடுவர். சின்ன வெங்காயத்தை உளுந்து, கடுகு, சீரகம் முதலியவற்றுடன் இடித்து உருட்டித் தாளிப்பு வடகம் செய்வர். இம்முறைகள் அனைத்தும் ஈரப்பதத்தைக் குறைத்து, நுண்ணுயிர்கள் வளர்வதைத் தடுக்கும் ஒரே அடிப்படையில் அமைந்தவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்கறி கிடைக்காத நாட்களுக்கு இவை குழம்பும் தொடுகறியும் ஆகின்றன.

பிற நாடுகளிலும் பகுதிகளிலும்

வசந்தத் தொடக்கத்தில் கசப்பு உணவை உண்ணும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகின்றது. ஆந்திரம், தெலங்காணா, கருநாடகம் ஆகிய மாநிலங்களில் யுகாதி நாளில் வேப்பம்பூ சேர்ந்த பச்சடி உண்ணப்படுகின்றது. வங்காளத்தில் வேப்பங்கொழுந்தைக் கத்தரிக்காயுடன் வதக்கி உண்பர். சப்பானில் பனி உருகும்போது தோன்றும் கசப்பான மலைக்கீரை மொட்டுகள் மாவில் தோய்த்துப் பொரிக்கப்படுகின்றன. ஈரானில் மார்ச் 20 அல்லது 21-இல் வரும் நவுரூசு புத்தாண்டுக்குப் பச்சிலைகள் கலந்த சோறு மீனுடன் பரிமாறப்படுகின்றது. செருமனியில் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு ஏப்ரல் முதல் சூன் 24 வரை மட்டுமே அறுவடை செய்யப்படுவது மரபு. அடுத்த ஆண்டு விளைச்சலுக்காகச் செடிக்கு ஓய்வு தரவே இந்நாளுடன் அறுவடை நிறுத்தப்படுகின்றது.

எதிர்கொள்ளும் சிக்கல்கள்

பருவ உணவுகள் ஒரே நேரத்தில் மிகுதியாகச் சந்தைக்கு வருவதால் உண்போருக்கு மலிவாகவும் விளைவிப்போருக்கு இழப்பாகவும் அமைவதுண்டு. பன்னீர் திராட்சை மெல்லிய தோலுடையது, நெடுநாள் வைக்க இயலாதது. வடமாநிலங்களின் விதையில்லாத் திராட்சை மிகுதியாக வரும் மாதங்களில் இதன் விலை வீழ்கின்றது. பருவந்தவறிப் பெய்யும் மழையால் பழம் வெடித்தும் அழுகியும் போகின்றது. விலை குறைந்தாலும் பழத்தைக் கொடியில் நிறுத்தி வைக்க உழவரால் இயலாது.

மாம்பூக் காலத்தில் மழையோ மேகமூட்டமோ நீடித்தால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் பெருகி மகசூல் குறைகின்றது. இதனால் பருவம் பிந்தும் ஆண்டுகளில், முதல் பழத்துக்குக் கிடைக்கும் நல்ல விலையைக் கருதிக் காய்களைக் கல்லினால் பழுக்கவைப்பது நேர்கின்றது. கார்பைடு கல்லால் பழுக்கவைப்பது 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி தடை செய்யப்பட்டுள்ளது. அளவான எத்திலீன் வளிமம் கொண்டு பழுக்கவைப்பதற்கு 2016 முதல் அனுமதி உண்டு. தோல் முழுதும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தும் மணமும் இனிப்பும் இல்லாத பழம், முற்றுமுன் பறிக்கப்பட்டதாக இருக்கலாம்.

கலப்படம் பற்றிய அச்சம் நேர்மையான விளைபொருளையும் பாதிக்கின்றது. 2025-ஆம் ஆண்டு கோடையில் தர்பூசணியில் செயற்கை நிறம் ஏற்றப்படுவதாகத் தமிழ்நாட்டில் பரவிய செய்தியால் விற்பனை சரிந்து, அறுவடைக்கு வந்த பழங்களை விற்க இயலாமல் உழவர்கள் இழப்புக்கு உள்ளாயினர். சில வாரங்களே விற்கக்கூடிய பொருளில் ஏற்படும் இத்தகைய இழப்பை அவ்வாண்டில் ஈடுசெய்ய இயலாது.

பனையைப் பொறுத்தவரை மரம் ஏறுவோர் குறைந்து வருவதே முதன்மையான சிக்கலாகும். மரம் இருந்தும் ஏற ஆளின்மையால் நுங்கும் பதநீரும் கிடைக்காத ஊர்கள் பல. பனை வெட்டப்படுவதைத் தடுக்க, மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. சாலை விரிவாக்கத்தின்போது ஓரத்துப் புளிய மரங்கள் வெட்டப்படுவதால் புளியும் குறைகின்றது. புதிதாக நடப்படும் புளி விளைச்சலுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

நெல் விளைச்சல் அணையின் நீர் இருப்பைப் பொறுத்தது. 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்தது. இருப்புக் குறைந்த ஆண்டுகளில் இரண்டாம் போகம் பாதிக்கப்பட, பங்குனியில் களத்துக்கு வரும் நெல்லும் குறைகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

பெரும்பொழுது
மார்க்கையன்கோட்டை
முல்லைப் பெரியாறு அணை
பன்னீர் திராட்சை
வேப்பம்பூ பச்சடி
பனை
தமிழர் சமையல்